வலை இழுத்த கையும் பந்துதைக்கும் காலும்

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலே, காத்தான்குடியைத் தாண்டியதும் ஆரையம்பதி நம்மை எதிர்கொள்கின்றது. முதியோர் இவ்வூரை ஆரைப்பற்றை என்று வழங்குவர். கிழக்கே வங்கக் கடல். மேற்கே மட்டக்களப்பு வாவி. இவ்விரண்டுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணற்பரப்பிலே வீடுகளும் கோயில்களும் பாடசாலைகளும் விளையாட்டிடங்களும் நெருங்கி அமைந்துள்ளன. வாவிக்கு அப்பால் படுவான்கரை வயல்கள், இப்பால் எழுவான்கரை. நெல்லும் மீனும் இந்நாட்டு மக்களை நெடுங்காலம் வளர்த்தன. அவற்றைத் தேடும் முயற்சியே அவர்தம் தேகத்தையும் வளர்த்தது.

சென்ற ஆண்டு ஒரு வைகறைப் பொழுதிலே நாம் அக்கடற்கரையில் நின்று கரைவலை இழுக்குங் காட்சியைக் கண்டோம். வடத்தின் இரு தலைப்பிலும் ஆடவர் வரிசையாக நின்றனர். கையால் இழுத்தார்கள் என்று சொன்னால் அது பாதி உண்மையே. குதிகாலை மணலிற் புதைத்து, முழங்காலைச் சற்றே மடித்து, முதுகை வளையவிடாமல் உடலைப் பின்னே சாய்த்து, இடுப்பின் வலியால் அடிமேல் அடி பின்வைத்து நடந்தனர். கை வெறுங் கொக்கி மாத்திரமே. வலியெல்லாம் காலிலும் இடையிலும் இருந்தது. தேகாப்பியாச நூலொன்றையும் படித்தறியாத அவர்கள், தேகாப்பியாச ஆசிரியர் ஒருவர் மாதக்கணக்கிற் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடத்தை மூச்சுவிடுவது போல இயல்பாகச் செய்துகொண்டிருந்தனர்.

அன்று எமக்குப் பக்கத்தில் ஒரு முதியவர் குந்தியிருந்தார். எழுபதைக் கடந்த வயது. நாற்பது ஆண்டுகள் அதே கரையில் வலை இழுத்தவர். இப்பொழுது பார்த்திருக்க மாத்திரம் வருகின்றார். அவரையும் அவரது பேரன் முறையான வாலிபன் ஒருவனையும் பற்றிய சிறு நிகழ்ச்சியே இக்கட்டுரை எழுந்ததற்குக் காரணம்.

புத்தாண்டு தினத்தில் நிகழ்ந்தது

சித்திரைப் புத்தாண்டு வந்தால் இப்பகுதி ஊர்களில் விளையாட்டுப் போட்டிகளுக்குக் குறைவில்லை. கயிறிழுத்தல், கிளித்தட்டு, முட்டி உடைத்தல், வழுக்குமரம் ஏறல், நெடுந்தூர ஓட்டம், துவிச்சக்கரவண்டி ஓட்டம் என்று ஊரே திரண்டு நிற்கும். அவ்வாண்டுப் போட்டியொன்றிலே நாம் முன்சொன்ன வாலிபன் நூறு மீற்றர் ஓட்டத்தில் இறங்கினான். முச்சக்கரவண்டி ஓட்டிச் சீவிக்கும் அவன், மாலைவேளைகளில் உதைபந்தாடுபவன். ஓராண்டாகப் பாரந்தூக்கிப் பழகியும் வந்தான். புயங்கள் திரண்டிருந்தன, மார்பு விரிந்திருந்தது. பார்த்தவர்கள் அவனே வெல்வான் என்றனர்.

அறுபது மீற்றர்வரை அவனே முன்னின்றான். பின்பு யாரோ கல்லால் எறிந்தது போலத் துடித்து, வலத் தொடையின் பின்புறத்தைப் பற்றிக்கொண்டு மணலில் விழுந்தான். பின்தொடைத் தசை கிழிந்துவிட்டது என்று வைத்தியர் கூறினர். மூன்று வாரங்கள் அவனால் வண்டியின் தடுப்பு மிதியை அழுத்த முடியவில்லை. வண்டி ஓடாத நாளில் வருமானமில்லை, தவணைப்பணமோ நிற்கவில்லை. சம்பளம் வாங்கி விளையாடும் வீரனுக்குக் காயம் பட்டால் கழகம் பார்த்துக்கொள்ளும். பொழுதுபோக்காக விளையாடுபவனுக்குக் காயம் பட்டால் அவன் அடுப்பே அணைகின்றது.

அவனைப் பார்க்கச் சென்றபோது முதியவர் கட்டிலருகே இருந்தார். அவனுடைய புயத்தைத் தடவிப் பார்த்து, “கைதான் மனே பெருத்திருக்கு. காலுக்கு என்ன குடுத்தாய்?” என்று கேட்டார். வாலிபன் சிரித்தான். “நீங்க மட்டும் என்ன, முதுகு வளைஞ்சுதானே கிடக்கு?” என்று திருப்பிக் கேட்டான். முதியவரும் சிரித்தார். ஆனால் அவர் மறுமொழி கூறவில்லை.

இருவர் சொன்னதும் உண்மை. ஒருவருக்கு வேலை பலத்தைக் கொடுத்தது. ஆனால் அளவறியாமற் கொடுத்தமையால் முதுகை வாங்கிக்கொண்டது. மற்றவனுக்குப் பயிற்சி அழகைக் கொடுத்தது. ஆனால் அவன் ஆடும் ஆட்டத்துக்கு வேண்டிய இடத்திற் பலத்தைக் கொடுக்கவில்லை. செயலுக்கு உதவும் பலத்தை அளவோடு பெறுவது எப்படி? இதனை ஆராய்வதே நம் நோக்கம்.

செயற்பலம் என்றால் என்ன?

பாரந்தூக்கித் தசையைத் திரட்டுவது ஒரு கலை. அதனை நாம் இகழவில்லை. ஆயினும் தசை பெருப்பது ஒன்று, அது தக்க தருணத்திலே தக்க வண்ணம் தொழிற்படுவது மற்றொன்று. உதைபந்தாடுபவன் ஒற்றைக்காலில் நின்று உதைக்கின்றான். ஓடும் வேகத்திலே சட்டென்று திரும்புகின்றான். எம்பிக் குதித்து ஒருபக்கமாக இறங்குகின்றான். கபடி வீரனை எதிரணியினர் பற்றியிழுக்க, அவன் இடுப்பைத் தாழ்த்திக் கோட்டை நோக்கி ஊர்கின்றான். இச்செயல்களிலே தனியொரு தசை வேலை செய்வதில்லை. பாதம், முழங்கால், இடுப்பு, வயிறு, முதுகு, தோள் ஆகியன சங்கிலிக் கண்ணிகள் போல இணைந்து தொழிற்படுகின்றன. இந்த இணைப்பைப் பலப்படுத்தும் பயிற்சியையே செயற்பலப் பயிற்சி என்கின்றோம்.

அந்த வாலிபனுக்கு நேர்ந்ததை எடுத்துக்கொள்வோம். விரைந்து ஓடும்போது கால் முன்னே வீசப்படுகின்றது. பாதம் நிலத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பு, முன்னோக்கிப் பாயும் கீழ்க்காலைத் தடுத்து நிறுத்தும் பொறுப்பு பின்தொடைத் தசைக்கு உரியது. தோணியைக் கரைசேர்ப்பவன் கடைசி நேரத்திற் கோலை ஊன்றி அதன் வேகத்தைத் தாங்குவதில்லையா? அதுபோலவே, நீண்டுகொண்டிருக்கும்போதே இறுகி நிற்கவேண்டிய கடமை அத்தசைக்கு உண்டு. கோல் நோஞ்சானாக இருந்தால் முறியும். புயத்தைப் பெருக்குவதாலும் மார்பை விரிப்பதாலும் அந்தக் கோல் தடிப்பதில்லை.

ஓடும்போது ஒவ்வோரடியிலும் தேகநிறையின் இரண்டு மூன்று மடங்கு விசையை நிலம் காலுக்குத் திருப்பிக் கொடுக்கின்றது. அறுபது கிலோ நிறையுள்ள வாலிபனின் ஒற்றைக்கால் நூற்றிருபது முதல் நூற்றெண்பது கிலோவுக்குச் சமமான தாக்குதலை ஒவ்வோரடியிலும் ஏற்கின்றது. நாள் முழுவதும் வண்டியிலோ மேசையிலோ அமர்ந்திருந்துவிட்டு, மாலை ஐந்து மணிக்குத் திடீரென்று இப்பாரத்தைச் சுமக்கச் சொன்னால் தேகம் என் செய்யும்?

வேலை கொடுத்த பலம்

முன்னாளில் இக்கேள்வி எழவில்லை. படுவான்கரையிலே கதிரறுத்துக் கட்டித் தலையிற் சுமந்து சூடு வைத்தனர். வாவியிலே தோணியைக் கோலூன்றிச் செலுத்தினர். கிணற்றிலே துலாவை மிதித்தும் வாளியால் அள்ளியும் நீர் இறைத்தனர். குந்துவதும் குனிவதும் சுமப்பதும் இழுப்பதும் அன்றாட வாழ்க்கையே. அத்தகைய உடலைக் கொண்டுவந்து விளையாட்டிடத்தில் நிறுத்தினால் அதற்கு வேறு ஆயத்தம் அதிகம் வேண்டியிருக்கவில்லை.

அவ்வுடல்களின் பெருமையை மட்டக்களப்பின் கொம்பு விளையாட்டு பறைசாற்றும். கண்ணகி வழிபாட்டோடு இணைந்த அவ்விளையாட்டிலே மக்கள் வடசேரி, தென்சேரி என இரு கட்சிகளாகப் பிரிவர். வளைந்த இரு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடங்கட்டி, இரு பக்கமும் நின்று இழுப்பர். எக்கட்சியின் கொம்பு முறிகின்றதோ அக்கட்சி தோற்றதாகும். கயிறிழுத்தல் என்னும் போட்டி 1900 ஆம் ஆண்டிலிருந்து 1920 ஆம் ஆண்டுவரை ஒலிம்பிக் விளையாட்டுக்களிலும் இடம்பெற்றது என்பதை அறிந்தால், நம் முன்னோர் வடம்பிடித்ததை வெறுங் கிராமத்துக் களியாட்டம் என்று யாரும் ஒதுக்கமாட்டார்.

இப்பொழுது கதிரை இயந்திரம் அறுக்கின்றது. நீரை மின்சாரம் இறைக்கின்றது. கரைவலையைக்கூடச் சில இடங்களில் உழவியந்திரங் கொண்டு இழுக்கின்றனர். இதனை எண்ணி வருந்துவது பேதைமை. வளைந்த முதுகைக் கண்டவர் எவரும் அந்தப் பழைய சுமைகள் திரும்பி வரவேண்டும் என்று வேண்டார். எனினும் சுமையோடு பலமும் போய்விட்டது. ஆட்டம் மாத்திரம் எஞ்சி நிற்கின்றது. போனதை வேறு வழியால் ஈடுசெய்தல் வேண்டும்.

இம்மாவட்டத்துக்கு விளையாட்டு மரபு புதிதன்று. அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவியாகிய வெபர் அடிகளார் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரி மாணவர்களைப் பல்லாண்டு பயிற்றுவித்தார். நகரிலுள்ள வெபர் அரங்கு இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. இலங்கைத் தமிழரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958 ஆம் ஆண்டில் தோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவிலே 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து தங்கப்பதக்கம் பெற்றார். அவர் காலத்து மெய்வல்லுநர் யாவரும் ஊதியம் பெறாது விளையாடியவர்களே. ஆகவே பொழுதுபோக்கு வீரன் என்றால் தரங்குறைந்தவன் என்று கொள்ளுதல் தவறு. அவனுக்கு நேரமும் பணமும் குறைவு. அதனால் அவன் பயிற்சியில் ஒவ்வொரு நிமிடமும் பயன்பட வேண்டும். அவ்வளவே.

உலகம் கண்ட உண்மைகள்

பண்டைக் கிரேக்கத்திலே மைலோ என்றொரு மல்லன் இருந்தான். அவன் ஒரு கன்றைப் பிறந்த நாள்முதல் நாடோறும் தோளில் தூக்கி நடந்தான் என்றும், கன்று காளையாய் வளர்ந்தபோது அவனும் காளையைச் சுமக்கும் வலிமை பெற்றான் என்றும் கதை கூறுவர். கதை மெய்யோ பொய்யோ, அதன் கருத்து மெய். பாரம் சிறிது சிறிதாக ஏறவேண்டும். தேகமும் அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும்.

இக்கருத்தை வைத்தியத்துறையில் ஒழுங்குபடுத்தியவர் தோமஸ் டெலோர்ம் என்னும் அமெரிக்க வைத்தியர். இரண்டாவது உலகப் போரில் முழங்கால் காயமுற்ற போர்வீரருக்கு அவர் படிப்படியாகப் பாரம் ஏற்றிப் பயிற்சி கொடுத்து, அதன் பலனை 1945 ஆம் ஆண்டில் வெளியிட்டார். பத்து முறை செய்து ஓய்ந்து, அவ்வாறு மூன்று சுற்றுச் செய்யும் வழக்கம் உலகெங்கும் பரவியதற்கு அவரும் அவருடைய தோழரும் காட்டிய வழியே முதன்மையான காரணம்.

பின்தொடைக் காயத்தைப் பற்றி டென்மார்க்கு நாட்டார் செய்த ஆராய்ச்சியொன்று 2011 ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஐம்பது உதைபந்தாட்டக் குழுக்களைச் சேர்ந்த 942 வீரர்களை இரு கூறாக்கினர். ஒரு கூற்றார் வழக்கமான பயிற்சியோடு ஒரேயொரு அப்பியாசத்தைப் பத்து வாரங்கள் கூடுதலாகச் செய்தனர். அதன் பின்னர் எண்ணிப் பார்த்தபோது, அவர்களிடையே பின்தொடைக் காயம் 15. அதனைச் செய்யாதோரிடையே 52. அவ்வப்பியாசத்துக்குக் கருவி யாதும் வேண்டியதில்லை. குதிகாலைப் பிடித்துக்கொள்ள ஒரு தோழன் போதும். அதனைக் கீழே விளக்குவோம்.

பல ஆராய்ச்சிகளை ஒருங்கு திரட்டி 2014 ஆம் ஆண்டில் அந்நாட்டார் மற்றுமொரு கணக்குக் காட்டினர். இருபத்தைந்து பரிசோதனைகள், 26,610 பேர். பலப்பயிற்சி செய்தோர்க்கு விளையாட்டுக் காயம் மூன்றிலொன்றுக்கும் குறைவாகக் குறைந்தது. ஆட்டத்துக்கு முன் கைகால்களை நீட்டி வளைத்து நிற்பது ஒன்றே போதும் என்று எண்ணுவோர் கவனிக்க: அவ்வாறு நீட்டுவதால் மாத்திரம் காயம் குறைந்ததாக அக்கணக்கிற் காணப்படவில்லை.

ஆறு அப்பியாசங்கள்

இனிச் செய்முறைக்கு வருவோம். வேண்டிய பொருள்கள் இவை: ஓர் உரப்பை, கொஞ்சம் மணல், இரண்டு நீர்க் கலன்கள், ஒரு கயிறு, ஒரு திண்ணை. யூரியா ஐம்பது கிலோ கொள்ளும் பையிலே மணலை நிரம்ப இட்டால் ஏறக்குறைய நூறு கிலோ நிறை வரும் என்பதை மறவாதீர்கள். தொடக்கத்திற் பத்து முதல் பதினைந்து கிலோ மணலே போதும்.

முதலாவது, குந்தி எழுதல். மணற்பையை மார்போடு அணைத்து, பாதங்களைத் தோளளவு அகற்றி, நாற்காலியில் அமர்வது போலத் தாழ்ந்து எழுக. குதிகால் நிலத்தை விட்டு எழக்கூடாது. முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கி உள்ளே சாயக்கூடாது.

இரண்டாவது, இடுப்பில் மடிந்து தூக்கல். நிலத்திற் கிடக்கும் பையை எடுக்கும்போது முதுகை வில்லாக வளைக்காமல், இடுப்பைப் பின்னே தள்ளி, முழங்காலைச் சற்று மடித்து எடுத்து நிமிர்க. நெல்மூட்டையைத் தூக்குபவர் முதுகைக் காப்பதும் கெடுப்பதும் இந்த ஓர் அசைவிலேதான்.

மூன்றாவது, ஒற்றைக்காலால் ஏறல். முழங்கால் உயரத்துக்குக் குறைந்த திண்ணை மேல் ஒரு காலை வைத்து, மற்றக் காலால் உந்தாமல் ஏறி, மெதுவாக இறங்குக. ஓட்டமும் உதையும் ஒற்றைக்காலில் நிகழ்வன ஆதலின் இதனைக் கைவிடலாகாது.

நான்காவது, தள்ளல். இது நம் தண்டாலே. தலைமுதல் குதிகால்வரை ஒரே பலகையாக இருத்தல் வேண்டும். இயலாதோர் திண்ணையிற் கையூன்றிச் செய்க.

ஐந்தாவது, இழுத்தல். உரமான கிளையொன்றில் கயிற்றை மாட்டி, இரு தலைப்பையும் பற்றி, உடலைப் பின்னே சாய்த்து, மார்பைக் கைவரை இழுத்து எழுக. கரைவலையில் நாம் கண்ட சாய்வு இதுவே. கிளை வாடியதா, கயிறு நைந்ததா என்று முதலிற் சோதிக்க.

ஆறாவது, சுமந்து நடத்தல். இரு கையிலும் நீர்க்கலன்களை ஏந்தி, தோளைத் தாழ்த்தி, நிமிர்ந்து முப்பது நாற்பது அடி நடக்க. ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோ; ஆகையால் நிறையை அறியத் தராசு வேண்டியதில்லை. வாரந்தோறும் ஒவ்வொரு லீற்றர் கூட்டலாம்.

இவற்றோடு, முன்னே சொன்ன டென்மார்க்கு அப்பியாசத்தையும் சேர்த்துக்கொள்க. மெத்தென்ற நிலத்தில் முழந்தாளிட்டு நிற்க. தோழன் குதிகால் இரண்டையும் அழுத்திப் பிடிக்க. இடுப்பை மடிக்காமல், உடலை மரம் சாய்வது போல முன்னே மெதுவாகச் சாய்த்து, இயன்றவரை பின்தொடையால் தாங்கி, முடியாதபோது கையை ஊன்றுக. முதல் வாரம் ஐந்து முறை. அதற்கு மேல் ஆசைப்படலாகாது. மறுநாள் தொடை நோகும். வாரங்கள் செல்ல நோவு குறையும், சாயும் தூரம் கூடும்.

பொங்கலிலிருந்து புத்தாண்டுவரை

எப்பொழுது தொடங்குவது? மட்டக்களப்பில் ஐப்பசி தொடங்கி மார்கழிவரை மாரிமழை. விளையாட்டிடங்கள் நீரில் நிற்கும். தை பிறந்தால் மழை ஓயும். தைப்பொங்கலிலிருந்து சித்திரைப் புத்தாண்டுவரை ஏறக்குறையப் பதின்மூன்று வாரங்கள் உண்டு. இயற்கையே வகுத்துக் கொடுத்த பயிற்சிக்காலம் இது.

வாரத்துக்கு இரண்டு நாட்கள், நாளுக்கு நாற்பது நிமிடம். இரு நாட்களுக்கும் இடையே குறைந்தது ஒரு நாளேனும் ஓய்வு. வளர்ந்தோர் வாரத்துக்கு இரு நாட்களேனும் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி செய்தல் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் அறிவுறுத்துகின்றது. முதல் மூன்று வாரங்கள் ஒவ்வோர் அப்பியாசத்தையும் பத்து முறை, இரண்டு சுற்று; பாரம் இலேசாக இருக்கட்டும். இக்காலத்தில் தசை பெருத்ததாகத் தோன்றாது. ஆயினும் பலம் கூடும்; ஏனெனில் நரம்புகள் தசையை ஏவும் வித்தையைக் கற்றுக்கொள்கின்றன. நான்காம் வாரந்தொட்டு மூன்று சுற்று. பத்தையும் செம்மையாகச் செய்து, இன்னும் இரண்டு செய்யலாம் என்ற தென்பு எஞ்சினால், அடுத்த வாரம் பாரத்தைப் பத்திலொரு பங்கு கூட்டுக. எட்டாம் வாரந்தொட்டுக் குதித்து இறங்குதலும் குறுகிய விரைவோட்டமும் சேர்க. இறங்கும்போது ஓசை கேட்கலாகாது. பூனை இறங்குவது போல முழங்காலை மடித்து இறங்குக. கடைசி வாரத்தில் பாரத்தைப் பாதியாக்கி உடலை ஆறவிடுக. போட்டிகள் நடக்குங் காலத்தில் வாரத்துக்கு ஒருமுறை செய்தாற் பெற்ற பலம் பெரும்பாலும் நிலைக்கும்.

மணலில் ஓடுதல் பற்றி ஒரு சொல். மணலில் ஓடுவோன் கட்டாந்தரையில் ஓடுவோனைப் பார்க்கிலும் ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேற்பட்ட சக்தியைச் செலவிடுகின்றான் என்று அளந்து கண்டிருக்கின்றனர். நம் கடற்கரை விலையில்லாப் பயிற்சிக்கூடம் என்பது உண்மை. ஆனால் கெண்டைக்காலுக்கும் குதிநரம்புக்கும் அது கடுஞ்சோதனை. பத்து நிமிடத்தில் தொடங்குக.

யுவதிகளும் சிறுவரும் முதியோரும்

யுவதிகள் இதனைச் செய்யலாமா என்று தாய்மார் கேட்பதுண்டு. செய்யவேண்டும் என்பதே நம் விடை. வலைப்பந்து, கபடி, உதைபந்தாட்டம் போன்றவற்றில் முழங்காலின் உள்நார் அறுந்துபோகும் ஆபத்து ஆடவரினும் மகளிர்க்கே கூடுதலாக உண்டு. நோர்வே நாட்டிலே உதைபந்தாடும் சிறுமியரிடையே பலமும் சமநிலையும் குதித்திறங்கலும் சேர்ந்த இருபது நிமிட ஆயத்தப் பயிற்சியைக் கையாண்டபோது, கடுங்காயங்கள் ஏறக்குறையப் பாதியாய்க் குறைந்தன என்று 2008 ஆம் ஆண்டிலே வெளியிட்டனர். பலப்பயிற்சி பெண்மையைக் கெடுக்கும் என்ற பேச்சு ஆதாரமற்றது; பிள்ளையையும் குடத்தையும் ஒருங்கே சுமந்த நம் பாட்டிமார் பலத்தாற் குறைந்தா போயினர்?

சிறுவர் பாரந்தூக்கினால் வளர்ச்சி குன்றும் என்பதும் தவறான எண்ணமே. ஆசிரியரின் கண்காணிப்பில், இலேசான பாரத்தோடு, முறைபிசகாமற் செய்யும் பயிற்சியால் அவர்க்குத் தீங்கில்லை. யார் அதிகம் தூக்குவது என்ற போட்டியே தீங்கு. நாற்பதைக் கடந்து இன்னும் ஆடும் அன்பர்களுக்கோ இப்பயிற்சி இன்றியமையாதது. வயதேறத் தசை கரைவதைத் தடுக்க இதைவிடச் சிறந்த வழியில்லை. நெஞ்சுவலி, தலைச்சுற்று, இரத்த அழுத்தம் உள்ளோர் வைத்தியரைக் கேட்டே தொடங்கவேண்டும்.

நோவைப் பற்றியும் அறிதல் நன்று. பயிற்சிக்குப் பின் ஓரிரு நாள் தசை கனத்து நோவது இயல்பு. மூட்டினுள்ளே குத்துவதும், வீங்குவதும், நாளுக்குநாள் கூடுவதும் இயல்பல்ல, அப்போது நிறுத்துக. ஒருமுறை கிழிந்த பின்தொடை மறுமுறை கிழிவதற்கு எளிது. ஆகவே நோவு நின்றதும் விளையாட ஓடாமல், முழுவேகத்தில் ஓடித் தாங்குகின்றதா என்று பல நாள் சோதித்த பின்னரே களமிறங்க வேண்டும்.

உணவுக்காக வெளிநாட்டு மாவுகளை வாங்கவேண்டியதில்லை. பயிலும் வாலிபனுக்கு நாளொன்றுக்குத் தேகநிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய ஒன்றரைக் கிராம் புரதம் போதும். அறுபது கிலோ உடையவனுக்குத் தொண்ணூறு கிராம். நூறு கிராம் மீனில் இருபது கிராமளவு உண்டு. வாவி மீனும் முட்டையும் பருப்பும் மட்டக்களப்பு எருமைத்தயிரும் இருக்கையில் நமக்கு என்ன குறை? பங்குனி வெயிலிற் பயில்வோர் நீர் அருந்துவதை மாத்திரம் மறக்கலாகாது.

அளவே அழகு

கழகங்களை நடத்தும் அன்பர்களுக்கும் பாடசாலை ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். சட்டைக்கும் வெற்றிக்கிண்ணத்துக்கும் பணந்திரட்டுவது போல, வாரத்தில் இரண்டு மாலைகளை இதற்கு ஒதுக்குங்கள். ஒருவர் தனியே செய்தால் மூன்றாம் வாரத்திலே சலிக்கும். பத்துப்பேர் கூடினால் வடம்பிடிப்பது போல ஒருவரையொருவர் இழுத்துச்செல்வர்.

இவ்வாண்டு தைப்பொங்கல் கழிந்த மறுவாரம் நாம் மீண்டும் ஆரையம்பதி சென்றோம். மாலைவேளை. வளவின் மூலையிலே அந்த வாலிபன் ஓர் உரப்பையில் மணலை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்திலே மரநிழலில் முதியவர் குந்தியிருந்தார். பை பாதியளவு நிறைந்தபோது அவர் எழுந்து வந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கால்வாசி போதும் மனே. மிச்ச மணல் எங்கயும் ஓடாது.”

நாற்பது ஆண்டுகள் வலை நிர்ணயித்த பாரத்தையே இழுத்தவர் அவர். தமக்கு இவ்வளவு போதும் என்று சொல்லும் உரிமை அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை. தமக்கு வாய்க்காத அந்த அளவை அவர் தம் பேரனுக்கு வகுத்துக் கொடுத்தார். அவன் மறுமொழி பேசாது மணலைக் கொட்டிக் குறைத்து, பையை மார்போடு அணைத்து, மெல்லக் குந்தி எழுந்தான். முதியவர் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினார்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் மாலையிற் பந்தெடுத்து ஓடும் ஒரு பிள்ளை இருத்தல் கூடும். அப்பிள்ளைக்கு ஒரு பை மணலும், அதனை அளந்துகொடுக்க ஒரு பெரியவரும் இருந்தால் அதுவே நல்ல தொடக்கமாகும்.